மூச்சு எடுக்கும் இடம்

பாட்டுக்குள் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள் சமையலறையில் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். டக். இசைத்தட்டு ஒரு சுற்று சுற்றி வந்ததும் மறுபடி டக். முந்தின நாள் வரை அந்தப் பாட்டில் அது இல்லை. பாடகி முதல் அடியை முடித்து அடுத்த அடியை எடுப்பதற்கு முன்னால் சன்னமாக ஒரு மூச்சு எடுப்பாள். வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, பகல் முழுக்க அடைந்து கிடந்த அறையின் சூட்டை வெளியே அனுப்பிவிட்டு அவள் தினமும் காத்திருந்து கேட்பது பாட்டைவிட அந்த மூச்சைத்தான் என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் அந்த ஒரு நொடி மட்டும் பாடகி பக்கத்து அறையில் நிற்கிற சாதாரண மனுஷி மாதிரி இருப்பாள். இன்றைக்கு அந்த மூச்சின் மேலேயே விழுந்தது டக்.

தட்டை எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தின் ஓரத்திலிருந்து வெளி விளிம்பு வரை, முடி அளவுக்கு மெல்லிய ஒரு கோடு, லேசாக வளைந்து ஓடியது.

கீறல்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வெட்டி வந்த லென்சுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, கீறல் இருப்பதை ஒதுக்கி வைப்பதுதான் பல வருடமாக அவள் வேலை. முன்னறையில் இருப்பவர்கள் வாடிக்கையாளர்களோடு பேசுவார்கள். அவளோடு பேச லென்சுகள் மட்டும்தான். காலையில் "வாங்கக்கா", சாயங்காலம் "வரேன்கா" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே ஒரு பகல் போய்விடும். அப்புறம் இந்த மாடி வீடு. கீழே தரை ஓடுகள் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு. இருட்டுவதற்குள் அதையும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, சீக்கிரமே அது இல்லையென்றும் ஆனது. அதைப் பற்றி இப்போது கேட்கக்கூட ஆள் இல்லை.

அதனால்தான் அண்ணன் தன் ரெக்கார்டு பிளேயரையும் பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளையும் அனுப்பியபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணி இறந்த பிறகு அவன் மகள் வீட்டோடு போய்விட்டான். அங்கே இவற்றை வைக்க இடம் இல்லை. "பெரிய வீடு மாறுற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும் பாப்பா. பூட்டி வைக்காத, போட்டுக் கேளு. கேக்க ஆளில்லன்னா தட்டு செத்துடும்" என்றான். ஐம்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

கேட்டாள். தினமும் வந்தவுடன் ஒன்றைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். குளித்துவிட்டு வரும்போது வீட்டில் ஒரு குரல் இருக்கும். அது போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் வேறு தட்டில் அதே மாதிரி கோடு. அதற்கு அடுத்த நாள் இன்னொன்றில். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தபோது சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒரு சந்தேகம். தட்டுல கீறல் எதனால விழும்?"

"எந்தத் தட்டுல?"

"சும்மா கேக்கறேன்."

"நீ சும்மா கேக்கற ஆளா? அடுப்புல துணி எரியறப்பகூட, 'சும்மாதான், தண்ணி எங்க இருக்கு'ன்னு கேட்டவ நீ." சிரித்தான். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "முள்ளைப் பாரு. தேஞ்ச முள்ளு கத்தி மாதிரி. முள்ளைப் பிடிச்சிருக்கற கைக்குப் பின்னால உருண்டையா ஒரு எடை இருக்குல்ல, அது முன்னால நகர்ந்திருந்தா முள்ளு அழுத்தும். மேஜை சாஞ்சிருக்கான்னும் பாரு. அங்க இருக்கறதுல பாதி உங்க அண்ணி தேடித் தேடி வாங்கினது. உனக்கே தெரியும்."

"தெரியும்ணா."

"அடுத்த மாசம் வீடு மாறிடுவோம். நானே வந்து எடுத்துக்கறேன்."

புது முள் வாங்கி மாட்டினாள். பின்னால் இருந்த எடையை மயிரிழை மயிரிழையாகத் திருகி, கை அந்தரத்தில் மிதக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தேவையான அழுத்தத்துக்குத் திருப்பினாள். கீழே கிடங்கில் வேலை செய்கிறவரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்து மேஜை மேல் வைத்தபோது, குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்து அதை நடுவுக்குக் கொண்டுவந்தாள். தட்டுகளை மெத்தென்ற துணியால் துடைத்தாள். கண்ணாடிக் கடைக்காரியின் கை, ஒரு தூசி விடாது. எல்லாம் முடித்து, அதுவரை கீறல் விழாத ஒரு தட்டை எடுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். 

வந்து பார்த்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்குள் டக். டக்.

பிளேயரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்குப் போனாள். மெக்கானிக் வாயாடி. "பாத்துச் சொல்றேன் மேடம், இதெல்லாம் நம்ம பங்காளி மாதிரி, அடிக்கடி கோவிச்சுக்கும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அவள் மறுபடி போனபோது பிளேயர் கடையின் நடுவே பளபளவென்று உட்கார்ந்து எதையோ பாடிக்கொண்டிருந்தது.

"மிஷின் தங்கம். கடை தொறந்ததுலேர்ந்து சாத்தற வரைக்கும் ஓட்டினேன். என் காது வலிச்சதுதான் மிச்சம். ஒரு கோடு விழல." அவள் கொண்டுவந்திருந்த தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது முள்ளு பண்ற வேலை இல்ல மேடம். பாட்டு முடிஞ்சதும் கையைத் தூக்காம, அப்படியே இழுத்துட்டு வந்து முதல்ல வெச்சா இப்படித்தான் விழும். வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இல்ல. நான் தனியாத்தான் இருக்கேன்."

"பூனை கீனை?"

"அதுவும் இல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, துணியை எடுத்து பிளேயரை ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கண்ணில் செருகிப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியை எடுத்து, தட்டைத் தன் விளக்கின் கீழே வைத்தாள். கீறல் என்பது வெறும் கோடு இல்லை. அது ஒரு பள்ளம். எந்தப் பக்கம் இழுத்தார்களோ அந்தப் பக்கத்து முனையில் தோண்டிய துகள் சின்னக் கரையாக ஒதுங்கி நிற்கும். இந்தக் கோட்டின் கரை வெளி விளிம்பில் இருந்தது. முள் உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது. பாட்டு முடிகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிற இடத்துக்கு.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அது தோன்றியது. ஒரு பக்கம் ஓடி முடிய ஆகும் நேரம் கொஞ்சம்தான். அவள் குளிக்க, துணி அலச, அலசியதைக் கொடியில் போட, அதைவிட அதிக நேரம் ஆகும். ஒரு நாளாவது பாட்டு முடிந்து வீடு அமைதியாக இருக்கும்போது அவள் குளியலறையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள்கூட வந்ததில்லை.

தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் ஒருவர் இடித்துக்கொண்டு, "பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று குளிக்கவில்லை. ஏற்கனவே கீறிப்போன தட்டைப் போட்டுவிட்டு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. முள் கடைசி வட்டத்தில் போய் நின்று, உஸ்ஸ் என்று சாம்பலைத் தேய்க்கிற மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் பழுத்து, மங்கி, அறையின் மூலைகள் ஒவ்வொன்றாக உள்வாங்கின. தட்டின் கறுப்பு மட்டும் பளபளத்தது. ஒன்றும் நடக்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டாள். தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனாள். தம்ளரை எடுத்தாள்.

சர்ரக்.

துணியைக் கிழிக்கிற மாதிரி, ஒரே இழுப்பு. அப்புறம் பாட்டு ஆரம்பித்தது.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தம்ளரோடு நின்றாள். பாடகி முதல் அடியைப் பாடினாள். மூச்சு எடுத்தாள். இரண்டாவது அடி.  போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் தோன்றியது, பாட்டு ஓடும் வரை போக வேண்டாம் என்றும் தோன்றியது. ஓடும் வரை அது அங்கே கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கிறவர்கள் வேறெதுவும் செய்யமாட்டார்கள்.

ஒரு வழியாக வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தபோது அறை அறையாகத்தான் இருந்தது. முள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி அவள் விட்ட இடத்தில் இருந்தது. வெகுநாள் திறக்காத அலமாரியின் உள்ளிருந்து வருகிற மாதிரி, சூடான தூசு வாசம் மட்டும் லேசாக.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை. ஆனால் மறுநாள் பின்னறையில் லென்சுகளைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, பயத்துக்கு அடியில் இன்னொன்று இருப்பதைக் கண்டாள். அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. திருடவில்லை, உடைக்கவில்லை. பாட்டு கேட்கிறது. பிடித்திருப்பதால் மறுபடி கேட்கிறது. கையைத் தூக்கி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், யாரும் இல்லாத அறையைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றாள்.

கீறிப்போன தட்டுகளை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஒன்றைப் போட்டாள். பக்கத்திலிருந்த சின்ன லிவரைத் தொட்டுக் காட்டினாள். "இதை மேல தூக்கணும். கை எழுந்துக்கும். அப்புறம் நகர்த்தணும். பாத்தியா? இழுக்கக் கூடாது." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வீட்டுக்குள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி எத்தனையோ காலம். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காத்திருந்தாள். பாட்டு முடிந்தது. உஸ்ஸ். உஸ்ஸ். அப்புறம் சர்ரக்.

"மண்டைல ஏறவே ஏறாதா உனக்கு" என்று அங்கிருந்தே சொன்னாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்கூட.

சில நாள் அப்படிப் போனது. கடையில் நடந்ததை வந்து சொன்னாள். முன்னறைப் பையன் ஒரு வாடிக்கையாளருக்குப் பவர் மாற்றிக் கொடுத்து அவர் படியில் தடுமாறியதை. மழை வரும்போல இருந்து வராமல் போனதை. பேசி முடித்ததும் பாட்டு போட்டாள். எல்லாவற்றையும் பாட்டு என்று சொல்லிவிட முடியாது. வயலின் மட்டும் வாசித்த தட்டுகள் சிலவும் இருந்தன. அவற்றைப் போட்டால் முடிந்தபின் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இழுப்பு இல்லை. கீறல் இல்லை. அதற்கு வேண்டியது மனிதக் குரல். அதை அவள் ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அதற்குப் பொறுமை போனது.

பாட்டு முடிவதற்குள்ளேயே சர்ரக். பாதியில் சர்ரக். முதலில் ஆரம்பத்துக்கு இழுத்தது. பிறகு அவ்வளவு தூரம்கூட இல்லை. ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் நின்று கேட்டாள். பாடகி முதல் அடியை முடித்தாள். மூச்சு எடுத்தாள். சரக். மூச்சு. சரக். மூச்சு. பாட்டே இல்லை. வார்த்தையே இல்லை. ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும், திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப, விடவே விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

"போதும்" என்றாள்.

நிற்கவில்லை.

ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்தாள். தட்டின் அந்த இடம் வெள்ளையாகத் தேய்ந்து, தொட்டால் விரல் பதிகிற பள்ளமாக இருந்தது. தொட்டபோது சூடாக இருந்தது. தூசு வாசம் இப்போது லேசாக இல்லை. அவள் முகத்துக்கு நேரே யாரோ வாயைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கையின் நுனியிலிருந்து முள்ளைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அதைக் கடைக்கே எடுத்துப் போனாள். நாள் முழுக்கப் பை மடியில் இருந்தது. முள் இல்லாமல் என்ன கேட்டுவிட முடியும்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது உள்ளே யாரோ பாடினார்கள்.

ஸ்பீக்கரில் இல்லை. ஸ்பீக்கர் அணைந்திருந்தது. மூடிய கைக்குள் பிடித்து வைத்த பூச்சியின் சத்தம் மாதிரி, நூல் அளவுக்கு மெலிந்த ஒரு குரல். மெதுவாக. ரொம்ப மெதுவாக. பெண் குரல் ஆண் குரலாகக் கனத்து, வார்த்தைகள் ஜவ்வாக இழுபட்டு.

வாசலிலேயே நின்று பார்த்தாள். பிளேயரின் கம்பி தரையில் கிடந்தது. முள் இல்லாத கை அதன் தாங்கியில் பூட்டியபடி இருந்தது. ஆனால் தட்டு சுற்றியது. ஒரு விரல் தள்ளிவிடுகிற வேகத்தில், தள்ளி, தயங்கி, தள்ளி. தட்டின் மேல் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இடத்திலிருந்து, கண் மை போல, மெல்லிய கறுப்புச் சுருள் ஒன்று எழுந்து வந்தது. யாரோ எதனாலோ தட்டின் வரியை உழுதுகொண்டிருந்தார்கள். உழ உழ அது பாடியது. சுருள் நீண்டு, ஒடிந்து, மேஜை மேல் விழுந்தது. அங்கே ஏற்கனவே ஒரு கைப்பிடி இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்து, கீழே கிடங்கைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள். கிடங்கு ஆளைத் துணைக்குக் கூப்பிட்டு, பிளேயரையும் தட்டுப் பெட்டிகளையும் ஒன்று விடாமல் வண்டியில் ஏற்றி, மெக்கானிக் கடையில் கொண்டுபோய் இறக்கினாள். "எங்க அண்ணன் வந்து எடுத்துக்குவாரு. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றாள். அவர் பெட்டிகளை வாங்கிச் சுவரோரமாக அடுக்கினார்.

வீடு அமைதியானது. அந்த அமைதியை அவள் காது கூர்ந்து சோதித்தாள். குழாய்ச் சொட்டு. ஜன்னல் கொக்கி. தெருவில் ஒரு வண்டி. அவ்வளவுதான். தூசு வாசம் இல்லை. மறுநாளும் இல்லை. கேட்க ஒன்றும் இல்லாத இடத்தில் அது எதற்காக இருக்கப் போகிறது, போய்விட்டது என்று நினைத்தாள். பாரம் இறங்கியது. கூடவே வீடு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போலவும் இருந்தது.

அண்ணன் போன் செய்தான். வரும் தேதியைச் சொன்னான். தட்டுகள் மெக்கானிக் கடையில் இருப்பதாகவும், நேராக அங்கே வந்துவிடும்படியும் சொன்னாள். "சிலது கீறிப்போச்சுண்ணா. என் கைல இருந்தப்பதான்."

மறுமுனையில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது. பிறகு, "போனா போகுது விடு. நீ எப்படி இருக்க? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றான்.

அந்தக் கேள்வி அவளை உடைத்தது. நடந்ததைச் சொல்லவில்லை. வேறு எதையெதையோ பேசினாள். சின்ன வயசில் இரண்டு பேரும் மொட்டைமாடித் தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு அப்பாவை ஊரெல்லாம் தேடவிட்டதை, அடி வாங்கியதை, அடி வாங்கும்போது அவன் சிரித்துத் தொலைத்ததை. அவன் மறுமுனையில் சிரித்துச் சிரித்து இருமினான். வெகுநேரம் பேசினாள். "சரிண்ணா, வெச்சுடறேன்" என்று போனை வைத்தாள்.

அமைதி.

கழுத்தில் முடி ஒன்று விழுந்தது மாதிரி இருந்தது. காதுக்குக் கீழே. தட்டிவிடக் கையைத் தூக்கினாள். தூக்குவதற்குள் அது இழுத்தது.

ஒரே இழுப்பு.

கண்ணாடிக்கு ஓடினாள். தொண்டைக்குழியிலிருந்து காது மடல் வரை மெல்லிய ஒரு கோடு, லேசாக வளைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் பொடிப் பொடியாக ரத்தம் முளைத்தது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் வாய் திறந்தது. "சின்ன வயசுல," என்று ஆரம்பித்தது. அவள் ஆரம்பிக்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு அடியில் உதடுகள் அசைந்தன. தொட்டி. அப்பா. அடி. பொத்திக்கொண்டே படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும் உதடுகள் நின்றன.

கடையில் தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீட்டில் போய்த் தங்கினாள். தன் வீட்டில் பூச்சி மருந்து அடித்திருக்கிறார்கள் என்று சொன்னாள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். "என்னக்கா, தொண்டை சரியில்லையா?" என்று அந்தப் பெண் கேட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அங்கே பேச முடிந்தது. நிறுத்தவும் முடிந்தது. யாரும் இழுக்கவில்லை. அப்படியென்றால் அது அந்த வீட்டோடு சேர்ந்தது. அந்த வீட்டை விட்டால் போதும். அண்ணனோடு போய்விடலாம். அவன் மகள் வீட்டில் ஒரு மூலை கிடைக்காதா.

அவன் வருகிற நாள் காலையில், துணிமணி எடுக்க மட்டும் போனாள். நல்ல வெயில். கீழே கிடங்கில் ஆட்கள் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொள்வது படி வரை கேட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எடுக்கலாம் என்றுதான் நினைத்தாள். காற்று அதைச் சாத்தியது. தாழ்ப்பாள் தானாக விழுந்தது. அது எப்போதும் அப்படி விழுவதுதான்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். பேசப் போவதில்லை. ஒரு முனகல்கூட இல்லை. பெட்டியை எடுத்தாள். புடவைகள். மாத்திரை. சான்றிதழ்கள் வைத்த பை. அறைக்குள் தூசு வாசம் இருந்தது. எங்கிருந்து என்று பார்க்கவில்லை. மடி. வை. மடி. வை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. அந்தச் சதுரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் செய்தாள். பெட்டியின் ஒரு பக்கக் கொக்கியைப் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

வாழ்நாள் முழுக்கக் கதவு தட்டினால் சொல்கிற வார்த்தை. யோசித்துச் சொல்வதில்லை.

"யாரு?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"நான்தான் பாப்பா." அண்ணன். படியேறிய மூச்சு வாங்கலோடு. "வண்டி சீக்கிரம் வந்துடுச்சு. உன்னையும் கூட்டிட்டுக் கடைக்குப் போலாம்னு நேரா இங்கயே வந்துட்டேன். திற."

கதவு மூன்று எட்டு தூரத்தில் இருந்தது. இரண்டு எட்டு வைத்தாள். தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள்.

காதுக்குக் கீழே, முடி.

அண்ணா என்று கத்த மூச்சை உள்ளே இழுத்தாள். அது முடிவதற்குள் இழுத்தது. தீயில் சுட்டது போல. வாய் திறந்தது.

"யாரு?"

அதே குரல். அதே சாதாரணக் குரல். புடவை மடிக்கிற ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் கேட்கிற குரல்.

"என்ன பாப்பா, நான்தான். காது கேக்கலையா?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு விரற்கடை. நகரவில்லை. மூச்சு எடுத்தாள்.

"யாரு?"

வெளியே அவன் சிரித்தான். "சரி, நான் திருடன். திற."

மூச்சு.

"யாரு?"

"பாப்பா."

மூச்சு.

"யாரு?"

சிரிப்பு நின்றது. கைப்பிடியைத் திருகும் சத்தம். பிறகு உள்ளங்கையால் அடிக்கிறான். பிறகு முஷ்டியால். "பாப்பா, விளையாடாத. உள்ள யாரு இருக்கா? கதவைத் திற." கீழே கேலிப் பேச்சு நின்றது. படியில் நிறையக் கால்கள்.

கழுத்தில் ஏதோ ஈரமாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. அவள் கண் அசைந்தது. அது மட்டும்தான் அசைந்தது. வெயில் சதுரத்தில் அவள் நிழல் விழுந்திருந்தது. நிழலின் கழுத்துப் பக்கம், தோளை ஒட்டி, குனிந்தபடி இன்னொரு தலை இருந்தது. காதை அவள் தொண்டையில் வைத்துக்கொண்டு.

கதவில் தோள் மோதுகிற சத்தம். மரம் முறிகிற சத்தம். அவள் வார்த்தை இப்போது பாதியாகிவிட்டது. யா. அப்புறம் அதுவும் இல்லை. மூச்சு எடுக்கிற இடம் வந்ததும் இழுத்தது. மூச்சு. இழுப்பு. மூச்சு. இழுப்பு. உள்ளே. உள்ளே. வெளியே விடவே இல்லை.

நிழலில் அந்தத் தலை இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சாய்ந்தது.